காதர் பாய் செட்டும் முக்கால் வோல்ட்டும்

மகளுக்கு நேற்று ஒரு குட்டி சிந்தசைசர் கீபோர்டு பார்சலில் வந்தது. அவள் ஒரு கட்டையை அழுத்துவதற்குள் நான் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்துவிட்டேன். "இன்னா நைனா, அதுக்கு ஜுரமா பாக்குற?" என்றாள். ஏறக்குறைய அதுதான். எதுவும் வாசிக்காதபோது அவுட்புட்டில் மீட்டர் பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்க வேண்டும். அங்கே டிசி மின்சாரம் கசிந்தால், ஸ்பீக்கர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகிச் சாகும்.

சுருள் கருகும்போது வரும் அந்த வார்னிஷ் நாற்றம் தெரியாதென்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். எனக்கு அதை அறிமுகம் செய்தது செஞ்சியில் நான் வேலை பார்த்த காதர் பாயின் மைக்செட் கடை. சிங்கவரத்து அமுதா அப்போது ஒரு பாட்டுக் குழுவில் கீபோர்டு வாசித்தாள். அவள் வாசித்த இரண்டு கச்சேரிகளில் அடுத்தடுத்து பாயின் ஸ்பீக்கர்கள் கருகின. "அந்தப் பொண்ணு கீபோர்டு இனிமே நம்ம செட்ல சொருவக் கூடாது" என்று பாய் தீர்ப்பு சொல்லிவிட்டார். சுற்றுவட்டாரத்தில் கச்சேரி என்றால் பாய் செட்தான். வல்லம் திருவிழாவுக்குக் குழுத்தலைவர் வேறு ஆள் தேடத் தொடங்கினார்.

அமுதா சைக்கிள் கேரியரில் கீபோர்டைக் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். "அண்ணா, தோஷம் என் கையிலயா, இதுலயான்னு நீயே பாத்து சொல்லு." மீட்டர் வைத்தேன். முக்கால் வோல்ட். மூடியைத் திறந்தால், டிசியைத் தடுக்க வேண்டிய கெபாசிட்டரைக் காணோம். அந்த இடத்தில் ஒரு கம்பித்துண்டு.

"யாரு பண்ணது?"

"பாய்தான். பேஸ் ஏறும்னாரு."

எங்கள் ஊரில் அன்று பேஸ் ஏறாத பாட்டு பாட்டே இல்லை. பந்தல் கால் அதிர வேண்டும். சந்தேகப்பட்டு பாயின் ஆம்ப்ளிஃபையரையும் திறந்தேன். அங்கும் அதே வைத்தியம். கீபோர்டில் கசிந்தது தடையில்லாமல் பெருகி நேராக ஸ்பீக்கருக்குப் போயிருக்கிறது. பாய் எட்டிப் பார்த்தார். "மீட்டர்ல பேட்டரி வீக்கா இருக்கும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் திரும்புவதற்குள் இரண்டிலும் புது கெபாசிட்டரைப் பற்றவைத்தேன். மீட்டர் அடங்கியது.

வல்லத்தில் அமுதாதான் வாசித்தாள். பாய் ஒப்புக்கொண்டாரா என்று கேட்காதீர்கள். அன்று முதல் மீட்டர் வைக்காமல் யாரும் செட்டில் சொருகக் கூடாதென்று சட்டம் போட்டு, அது தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்று அவலூர்பேட்டை வரை சொல்லிக்கொண்டிருந்தார். புல்லாங்குழல்காரர்கூட வரிசையில் நின்று குழலை நீட்டியிருக்கிறார்.

பாய் போய்ச் சேர்ந்துவிட்டார். போன திருவிழாவில் மேடையில் ஒரு லேப்டாப்தான் இருந்தது. அமுதாவைக் கூட்டத்தில் பார்த்தேன். "இப்ப யாருண்ணா வாசிக்கக் கூப்புட்றாங்க" என்றாள். பேஸ் நெஞ்சில் இடித்தது. ஒரு ஸ்பீக்கரும் கருகவில்லை. அவள் விரல்கள் மட்டும் கைப்பையின் மேல் பாட்டோடு ஓடிக்கொண்டிருந்தன. எனக்குப் பார்க்கத் தாங்கவில்லை.