நூற்றுக்கு முப்பத்தைந்து

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, காலை பத்து பத்து. இங்கே ஜூன் குளிர்காலம்; வெளியே ஒன்பது பாகை, தூறல். ஹோம்புஷில் ஒரு வாடகை மண்டபத்தின் பின்னறையில் முதியவர்கள் ஆறு பேர் பண்டைய கிரேக்கம் படித்துக்கொண்டிருந்தோம்.

அன்றைய பாடம் வினையிலிருந்து பிறக்கும் பெயர்கள். ‘சிஸ்’ என்று முடிந்தால் அது செயல். ‘மா’ என்று முடிந்தால் செயல் முடிந்தபின் மிஞ்சுவது. பொயேசிஸ் ஆக்குதல், பொயேமா ஆக்கிய பொருள். மாதேசிஸ் கற்றல், மாதேமா கற்ற பாடம். இருபது வினைகளுக்கு இரண்டிரண்டு பெயர் எழுதிவரச் சொல்லியிருந்தார் ஆசிரியை.

பக்கத்துக் கதிரையில் மதுரைக்காரர், ஓய்வுபெற்ற எஞ்சினியர், வயது எழுபத்து மூன்று. ஏழு மாதமாக இருவரும் பென்டில் ஹில்லில் ஒன்றாக ரயில் ஏறிப் பத்தாவது நிலையத்தில் இறங்கினோம். மனைவி போனபின் நான் வாய்விட்டுக் கதைத்தது அந்த ரயிலில்தான்.

“கொப்பியை மாத்துவம் ஐயா. எங்கட பள்ளிக்கூடத்தில இப்பிடித்தான் திருத்திறது.”

“சிவப்புப் பேனா வேற கொண்டாந்திருக்கீங்களா சார்? செத்தேன்!”

அவர் எழுதிய நாற்பது பெயர்களில் இருபத்தாறு சரி. ஆனால் சோடி முழுதும் சரியென்றால்தான் புள்ளி என்று நான் வைத்துக்கொண்டேன். பல இடங்களில் செயலைச் சரியாக எழுதி, மிஞ்சுவதில் பிழைவிட்டிருந்தார். தேறியவை ஏழு சோடிகள். வாத்தியாராக இருந்த பழைய பழக்கத்தில் எழுந்து நின்று, நூற்றுக்கு முப்பத்தைந்து, ஃபெயில் என்று ஆங்கிலத்தில் உரக்க வாசித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். திரும்பும் ரயிலில் ஃபோனையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த செவ்வாய் ரயில் மேடையில் அவரைக் காணவில்லை. இரண்டு ரயில்களைப் போகவிட்டுக் காத்திருந்தேன். மூன்றாம் வாரம்தான் என் அழைப்பை எடுத்தார்.

“நான் விதிப்படிதானே புள்ளி போட்டனான்?”

“ஆமா சார், கணக்கெல்லாம் சரிதான். எதுக்குச் சத்தமா வாசிச்சீங்க?”

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் அவருடைய முழங்கால் வலி எப்படி என்று கேட்டேன்.

அந்தத் தவணை முடிவில், ஐந்து பேருக்கு வகுப்பு நடத்த முடியாது என்றார் ஆசிரியை. அடுத்த தவணைக்கு மதுரைக்காரரின் பெயரையும் எழுதி, அவருக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு, அவருக்கு ஃபோன் செய்தேன்.

“உங்களுக்கும் கட்டிப்போட்டன். வாங்கோ ஐயா.”

“உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை? நான் வரல.”

வகுப்பு நடக்கிறது. பதிவேட்டில் ஆறு பேர், அறையில் ஐந்து. ரயிலில் நான் யாரோடும் கதைப்பதில்லை. அவருக்காகக் கட்டியதைத் திருப்பித் தரமாட்டார்களாம்: இருநூற்று எண்பத்தைந்து டொலர்.