கமீய் என்று எப்படி எழுதுவது?

பாரிஸில் அக்காவுக்குப் பெண் குழந்தை. பெயர் கமீய்.

குழந்தைக்கு வாங்கும் சங்கிலிப் பென்டனில் அந்தப் பெயரை வெட்டுவிக்க இன்று காத்தான்குடி நகைக்கடைக்குப் போனேன். அக்கா அனுப்பிய பிரெஞ்சு எழுத்தைக் காட்டினேன்: Camille.

"காமில். இது ஆம்புளப் பேரல்லவா தங்கச்சி? என்ட மச்சான்ட பேரும் இதான்," என்றார் கடைக்காரர். "அறபுல நிறைவானவன் எண்டு அர்த்தம்."

குழம்பிப்போய் அக்காவுக்கு அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"அறபு இல்லடி, பிரெஞ்சு. எல் எழுத்த வாசிக்கக் கூடாது. அந்தக் காலத்து ரோமாபுரிக் கோயில்ல பூசைக்கு உதவுற புள்ளைகளுக்குச் சொன்ன பேராம். இஞ்ச வகுப்புக்கு ரெண்டு பேர் இருக்காங்க."

"எல்லாம் பொம்புளப் புள்ளைகளா?"

"ஆம்புளப் புள்ளைகளுக்கும் வைக்கிறதுதான்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பென்டனைப் பார்த்தேன். கடைசியில் ஒரு பூவை வெட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் அம்மா போனில் பேத்தியை, "கம்மி, கம்மி" என்று கொஞ்சிக்கொண்டிருக்கிறார்.

பிரெஞ்சு தெரிந்தவர்கள் யாராவது அம்மாவோடு கொஞ்சம் பேசுவீர்களா?