கைப்பைக்காரியின் கடைசி வாரம்

1974 ஜூன் 13, வியாழக்கிழமை. ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் பிடித்தேன். பால் காய்ச்சிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினேன். மத்தியானம், வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைப் பக்கங்களை வார வாரியாக அடுக்கினேன். கல்யாணமானதிலிருந்து எந்தத் தொடரிலும் ஒரு வாரம்கூட விட்டதில்லை. கதை முடிந்ததும் பைண்டிங் கடைக்குக் கொடுத்துவிடுவேன். இதில் கடைசி அத்தியாயம்தான் பாக்கி. சாயந்திரம் வந்துவிடும்.

எங்கள் அலமாரியில் பெண் விடுதலை இப்படித்தான் சேர்ந்திருந்தது. அம்மா கொடுத்த நாவலில் இளம் விதவை இங்கிலீஷ் கற்கிறாள். மறுமணத்துக்கு நாள் குறித்ததும் காய்ச்சலில் செத்துப்போகிறாள். அடுத்ததில் கதர் கட்டியவள் ஜெயிலுக்குப் போய்வந்து, காதலனுக்கே தங்கையாகிவிடுகிறாள். இப்போதையவள் கைப்பையோடு ஆபீசுக்குப் போகிறாள். எழுதுகிறவர்களின் தைரியமெல்லாம் கடைசிக்கு முந்தின வாரம் வரைக்கும்தான். அவளைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டுப் பயந்துபோய்த் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.

என் கணவருக்குக் கைப்பைக்காரிமேல் ஏக மரியாதை. புருஷனை எதிர்த்து அவள் வேலைக்குப் போன வாரம், "பொம்பளைன்னா இப்டி இருக்கணும்" என்று தெருவெல்லாம் சொன்னார். எங்களோடு இருந்த அவர் தங்கைக்குக் கல்பாக்கத்தில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தபோதோ வாயே திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை போய்ச் சேராவிட்டால் வேலை கைநழுவிவிடும்.

அன்று சாயந்திரம் பத்திரிகையைப் படித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"ஏம்மா, இங்க வா. பாரு, கடைசில அவளே வேலைய வுட்டுட்டா. புருசன் கால்ல வுழுந்து அழுவுறா."

"எனக்குப் புருசனே இல்லியேண்ணா. யாரு கால்ல வுழுறது?" என்றாள் தங்கை.

"வாயப் பாரு. எழுதறவனுக்குத் தெரியாதது உனுக்குத் தெரிஞ்சிடுச்சா? நீ போவாத, அவ்ளோதான்."

அவள் என்னைப் பார்த்தாள்.

"காலைல ஸ்டாஃப் பஸ்ஸு எத்தினி மணிக்கு?" என்று கேட்டேன்.

"நான் இன்னா சொல்லிகினு கீறேன், நீ இன்னா கேக்கற?" என்றார் அவர்.

"நீங்க சொன்னது கேட்டுச்சி. பஸ்ஸுதான் தெரில, அதான் கேட்டேன்."

"ஏழு மணிக்கு அண்ணி" என்றாள் அவள்.

அவர் துணுக்குப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டார். துணுக்கு எழுதுகிறவர்கள் அவருக்கு என்ன யோசனை சொன்னார்களோ, தெரியவில்லை.

மறுநாள் தண்ணீர் பிடிக்கும் முன்பே எலுமிச்சம்பழச் சாதம் கிளறி வாழையிலையில் கட்டினேன். மேலே சுற்றக் காகிதம் வேண்டியிருந்தது. கடைசி அத்தியாயத்தைக் கிழித்துப் பொட்டலத்தைச் சுற்றி, நூலால் இறுக்கி அவள் கையில் கொடுத்தேன்.