இடது பக்கம் ஒதுங்கிய பாடகர்

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. லிப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக வேலை. அங்கே அவர் 'காது'. வயதில் சிறியவர்களுக்குக் 'காதண்ணன்'. லிப்டுக்குள் ஏறிக் கதவை மூடிக்கொண்டு, பக்கவாட்டுத் தகட்டில் காதை ஒட்டி வைத்தபடி ஒருமுறை மேலே போவார், ஒருமுறை கீழே வருவார். இறங்கும்போதே சொல்லிவிடுவார்: "மேல மிஷின் ரூம்ல பேரிங் காஞ்சு கிடக்கு." அல்லது, "நாலாவது மாடிக் கதவோட உருளை தேஞ்சு போச்சு." திறந்து பார்த்தால் அப்படியே இருக்கும். அவருக்குக் காது குத்த எந்த லிப்டாலும் முடிந்ததில்லை.

அவர் காது என்றால் அவர் மனைவி கண். சட்டை தைக்கும் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவு. காலரில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தால், சட்டை மேசைக்கு வந்து விழுவதற்குள் அவள் விரல் அந்த இடத்துக்குப் போய்விடும். இப்படி ஒரு காதும் இப்படி ஒரு கண்ணும் குடித்தனம் நடத்துகிற வீட்டில் எதையாவது ஒளித்துவைக்க முடியுமா? அவர் வைத்தார். ஆறு மாதம் வைத்தார். அந்தக் கதைதான் இது.

கம்பெனியில் இருபத்தைந்து வருடம் முடித்தவர்களுக்கு ஒரு பரிசு உண்டு. சுவர்க் கடிகாரம் வேண்டுமா, வேறு ஏதாவதா என்று கேட்டார்கள். மற்றவர்கள் எல்லாம் கடிகாரம் வாங்கிக்கொண்டு போக, இவர் மட்டும் ஹெட்போன் கேட்டார். காதை முழுசாக மூடுகிற, மெத்தை வைத்த, கனமான ஹெட்போன். மனைவியின் தம்பி பாட்டுக் கருவிகள் விற்கும் கடையில் வேலை செய்பவன். அவன் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தான். பின்பக்க அறையில், இஸ்திரி மேசைக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒரு நாற்காலி போடப்பட்டது. அன்றிலிருந்து அந்த மூலை அவருடைய ராஜ்ஜியம்.

வாங்கினோமா கேட்டோமா என்று இருக்கிற ஆளா அவர்? முதல் வாரமே பின்னணியில் 'உம்ம்' என்று ஒரு இரைச்சல் இருப்பதைக் கண்டுபிடித்தார். மச்சினனுக்கு அது கேட்கவே இல்லை. இவர் வீட்டில் ஒவ்வொரு சாதனமாக அணைத்துப் பார்த்து, ஃபிரிட்ஜை நிறுத்தினால் இரைச்சலும் நிற்கிறது என்று பிடித்தார். ஆம்ப்ளிஃபயரின் பிளக்கை முன்னறை சுவிட்ச் போர்டுக்கு மாற்றியதும் ஒழிந்தது. அடுத்து, தலையை அசைத்தால் ஒயரில் கரகரப்பு. பிளக்கைப் பிரித்து, பழைய ஈயத்தைச் சுரண்டி, புதிதாகப் பற்றவைத்தார். பிறகு ஈக்வலைசர், அடிச்சத்தம் முதல் மேல்சத்தம் வரை தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற பெட்டி. அதன் முப்பத்தோரு குமிழ்களையும் தினம் ஒரு மயிரிழை ஏற்றி, ஒரு மயிரிழை இறக்கி, எந்தச் சத்தம் எங்கே தூக்கலாக இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துவைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து சமையலறைக்கு ஓடினார்.

"பாடறவர் மூச்சு விடறது கேக்குது!"

"மூச்சு விடாமலா பாடுவாரு?" என்றாள் மனைவி. ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டாள். கேட்டவள் பாட்டு முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

இதுவரை எல்லாம் நன்றாகவே போனது. கோளாறு அதற்கு அப்புறம் ஆரம்பித்தது.

அவர் சோதனைக்கென்று வைத்திருந்தது ஒரே ஒரு பாட்டு. அடித்தொண்டையில் பாடுகிற ஒருவர், பக்கத்தில் கிட்டார், எப்போதாவது ஒரு மணிச்சத்தம். அவ்வளவுதான். பாடகர் நெற்றிக்கு நேராக, நட்டநடுவில் நிற்கவேண்டும். நின்றுகொண்டும் இருந்தார். ஒருநாள் பார்த்தால் மனிதர் இடது பக்கம் ஒதுங்கி நிற்கிறார். தற்செயல் என்று நினைத்தார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

"அந்தப் பக்கம் அவருக்குச் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களோ என்னவோ" என்றாள் மனைவி. அவர் சிரிக்கவில்லை.

வலது பக்கச் சத்தத்தைக் கூட்டினார். பாடகர் நடுவுக்கு வந்தார், மணி வலது பக்கம் ஓடிவிட்டது. மணியை இழுத்துப் பிடித்தால் பாடகர் மறுபடி இடது பக்கம். ஒயரை மாற்றினார். காது மெத்தைகளை மாற்றினார். ஆம்ப்ளிஃபயரையே மாற்றினார். மச்சினன் கடைக்கும் வீட்டுக்குமாக அலைந்து கால் தேய்ந்து, கடைசியில் ஒரு யோசனை சொன்னான்.

"மாமா, ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பாருங்க. வலதை இடது காதுல, இடதை வலது காதுல. பாடறவரும் கூடவே திரும்பி வலது பக்கம் வந்துட்டா, குறை கருவியில."

"வரலைன்னா?"

மச்சினன் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தான். "வரலைன்னா... கருவி நல்லாதான் இருக்குன்னு அர்த்தம்."

அரை நிமிட வேலை அது. அதைத்தான் அவர் ஆறு வாரமாகச் செய்யவில்லை. ஈக்வலைசரைத் துடைத்தார், நோட்டில் கோடு போட்டார், ஒயரை நீவி நீவி விட்டார். ஹெட்போனை மட்டும் திருப்பவில்லை. திருப்பினால் தெரிந்துவிடும். குறை கருவியில் இல்லை என்றால் மிச்சம் இருப்பது அவருடைய வலது காது.

இன்னொன்றும் இருந்தது. கம்பெனியின் வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் அந்த வருடம் புதிதாகக் காது சோதனையும் சேர்த்திருந்தார்கள். தேறாதவர்களுக்கு லிப்ட் பக்கம் வேலை இல்லை, ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து உதிரிப் பாகம் எடுத்துக் கொடுக்கவேண்டியதுதான். முதல் தேதிக்குச் சளி என்றார். இரண்டாவது தேதிக்கு உறவில் ஒரு விசேஷம் என்றார். மூன்றாவது தேதி வரும் செவ்வாய்க்கிழமை. இதற்கும் வராவிட்டால் தேறாதவர் கணக்குத்தான் என்று கடிதம் வந்தது. கடிதத்தை இஸ்திரி மேசை விரிப்புக்கு அடியில் தள்ளினார்.

இந்தப் பயம் வேலையிலும் புகுந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு எட்டு மாடி அலுவலகத்தில், ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே வலது பக்கம் மெல்லிசாக 'டிக்' என்று ஒரு சத்தம் அவருக்குக் கேட்டது. கூட வந்தவர் எதற்கெடுத்தாலும் அதிர்வு அளக்கும் கருவியைத் தூக்குபவர், அதனால் பெயரே 'மீட்டர்'. அவர் அளந்துவிட்டு, "ஒண்ணும் இல்லண்ணே, எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்கு" என்றார். பழைய காதாக இருந்தால் ஒரே பிடியாக நின்று அங்கேயே கூரைத் தகட்டைத் திறந்திருக்கும். இவரோ, "சரி விடு, எனக்குத்தான் அப்படிக் கேக்குதோ என்னமோ" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணி. மனைவி சட்டை தேய்க்க வந்தாள். விரிப்பில் ஒரு ஓரம் நூல் அளவுக்கு மேடாக இருந்தது. அந்தக் கண்ணுக்கு அது போதாதா? கடிதத்தை எடுத்து, நின்ற இடத்திலேயே படித்து முடித்தாள். அவர் நாற்காலியில் மூக்குக்கண்ணாடியும் ஹெட்போனுமாக உட்கார்ந்திருந்தார்.

"இது என்னங்க?"

அவர் ஈக்வலைசர் பக்கம் குனிந்துகொண்டார்.

"உங்களத்தான் கேக்கறேன். ஏன் போகல?"

ஒளிக்க இடமில்லாமல் போனதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பாடகர், மச்சினன் சொன்னது, மீட்டர், அந்த 'டிக்', எல்லாம். கடைசியாகக் கேட்டார்: "காது போச்சுன்னா நான் யாரு சொல்லு? அங்க என் பேரே அதுதானே?"

அவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். "முதல்ல இதைத் திருப்பிப் போடுங்க."

"போட்டா தெரிஞ்சிடும்மா."

"தெரியட்டும். ஆறு மாசமா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கறதுக்கு, தெரிஞ்சா என்ன குறைஞ்சா போச்சு?"

அவர் கையை அசைக்கவில்லை. அவளே ஹெட்போனைக் கழற்றி, திருப்பி, அவர் தலையில் மாட்டி, பாட்டைத் தட்டிவிட்டாள். கிட்டார் ஆரம்பித்தது. பாடகர் வந்தார். இடது பக்கம்தான் நின்றார்.

அவர் முகத்திலேயே அவள் படித்துவிட்டாள். அவள் கை அவர் தோளில் வந்து விழுந்தது. ஐம்பத்திரண்டு வயது மனிதர், சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தார். கண் மறைத்தது. ஹெட்போனைக் கழற்றாமலே கண்ணாடியை மட்டும் முன்பக்கமாக இழுத்து எடுத்துப் புறங்கையால் துடைத்தார்.

பாடகர் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

அழுகை அப்படியே நின்றது. கண்ணாடியை மாட்டினார், பாடகர் இடது பக்கம் போனார். கழற்றினார், நட்டநடுவில் வந்து நின்றார். மாட்டினார். கழற்றினார். மறுபடி மாட்டினார். மனைவி பயந்துபோய், "என்னங்க, என்ன பண்ணுது உங்களுக்கு?" என்று கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கியதும் அவள் விரல் நேராக அந்த இடத்துக்குப் போனது.

அந்தக் கண்ணாடிக்கு ஒரு வரலாறு உண்டு. ஆறு மாதத்துக்கு முன்பு மிஷின் ரூமில் கீழே விழுந்து, வலது பக்கக் கால், காதுக்கு ஒரு விரற்கடை முன்னால் முறிந்துவிட்டது. புதிது வாங்குகிற ஆளா இவர்? மோட்டார் கட்டுகிற செம்புக் கம்பியை நெருக்கி நெருக்கிச் சுற்றி, மேலே பசை ஊற்றி, "இனி உடைஞ்சா வேற இடத்துலதான் உடையும்" என்று பெருமையாக மாட்டிக்கொண்டார். சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு கட்டு. ஹெட்போனின் மெத்தை அந்தக் கட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் இடைவெளி. மூடி சரியாக உட்காராத குக்கரில் ஆவி போகிற மாதிரி, பாடகரின் அடித்தொண்டை முழுக்க அந்த வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. மணிச்சத்தம் மட்டும் தங்கியது. ஹெட்போனை எப்படித் திருப்பினால்தான் என்ன, கட்டு எப்போதும் வலது காதுப் பக்கம்தானே இருந்தது!

"இதைத்தானே ஆறு மாசமா மாத்துங்க மாத்துங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கறேன்!"

"நீ பார்க்க அசிங்கமா இருக்குன்னு தானே சொன்ன?"

"எதுக்காகச் சொன்னா என்ன? சொன்னேனா இல்லையா?"

சொல்லியிருந்தாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மாடி வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். அப்புறம் ஹெட்போனைச் சரியாக மாட்டிக்கொண்டு, கண்ணாடி இல்லாமல், அந்தப் பாட்டை நான்கு முறை கேட்டார். ஆறு மாதமாக அவர் செய்த அத்தனை நுணுக்கமும் அதற்குள் இருந்தது. பாடகர் மூச்சு விடுவது கேட்டது, கிட்டார்க் கம்பியில் விரல் வழுக்குவது கேட்டது, கடைசி மணி அடங்கி அடங்கி ஓய்வது கேட்டது. அவ்வளவு நல்ல சத்தத்தை அவர் அந்த வீட்டில் அதுவரை கேட்டதில்லை. திங்கட்கிழமை மனைவியே கடைக்கு இழுத்துப்போய், காகிதம் மாதிரி மெல்லிய கால் வைத்த கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை காது சோதனை அறைக்குள் உட்கார்ந்தார். சோதிக்கும் அம்மாள் ஒரு ஹெட்போனைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் வார்த்தையாகச் சொன்னார்:

"கண்ணாடியக் கழட்டிடுங்க சார். கால் நடுவுல இருந்தா மெத்தை சரியா உக்காராது, சத்தம் வெளிய போயிடும்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். அடக்க அடக்கப் பொங்கியது. முதல் தேதிக்கே வந்திருந்தால் இந்த அம்மாள் ஒரே வரியில் விஷயத்தை முடித்திருப்பார். ஆம்ப்ளிஃபயர் மாற்றியிருக்கவேண்டாம், சளி வந்திருக்கவேண்டாம்.

"சார், சோதனைக்கு அமைதி வேணும்" என்றார் அந்த அம்மாள் கொஞ்சம் கடுப்பாக.

அமைதியானார். கேட்ட சத்தத்துக்கெல்லாம் பொத்தானை அழுத்தினார். முடிந்ததும் அந்த அம்மாள் தாளில் இருந்த இரண்டு கோடுகளைப் பார்த்து, அவரை ஒருமுறை பார்த்து, மறுபடி தாளைப் பார்த்தார். "இந்த வயசுக்கு இப்படி ஒரு காது நான் பார்த்ததில்ல சார். அதுலயும் வலது காது இன்னும் ஒரு படி மேல."

தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வீட்டுக்குப் போகவில்லை. மீட்டரைப் போனில் கூப்பிட்டு, "அந்த எட்டு மாடிக்கு வா" என்று மட்டும் சொன்னார்.

லிப்டின் கூரை மேல் ஏறி, கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக மேலே போகச் சொன்னார். ஐந்தைத் தாண்டியதும் வலது பக்கம் அந்த 'டிக்'. மீட்டரின் கருவி அப்போதும் எல்லாம் அளவுக்குள்தான் என்றது. "நிறுத்து" என்றார் காது. லிப்ட் ஓடும் தண்டவாளத்தைச் சுவரோடு பிடித்திருக்கும் தாங்கிகளில் ஒன்றைத் தொட்டார். அதன் போல்ட் விரலோடு சுழன்றது. ஸ்பேனரே வேண்டியிருக்கவில்லை. இன்னும் ஒன்றிரண்டு மாதத்தில் தானாகவே கழன்று கீழே விழுந்திருக்கும்.

மீட்டர் கருவியை அணைத்தார். போல்டைப் பார்த்தார், காதைப் பார்த்தார்.

"காதண்ணே, அன்னிக்கு நீங்களே எதுவும் இல்லன்னுட்டீங்களே. இன்னிக்கு எப்படிண்ணே இவ்வளவு தீர்மானமா நிக்கறீங்க?"

காது போல்டை இறுக்கிக்கொண்டே, தலையைத் திருப்பாமல் சொன்னார்:

"கண்ணாடி மாத்திட்டேன்பா."