ஒத்திகைப் பற்கள்

ஒரு மனிதனின் சிரிப்பு யாருடையது? சிரிக்கிறவனுடையதா, அதைப் பார்த்துக்கொண்டே உடன் வாழ்ந்தவளுடையதா? ஸ்டூடியோக்காரரின் வாழ்க்கை இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் நின்றுகொண்டது.

பேருந்து நிலையத்துக்கு எதிர் மாடியில் அவருடைய போட்டோ ஸ்டூடியோ. "தோளைத் தளர்த்துங்க. கொஞ்சம் சிரிங்க சார். அட, மாமனார் வந்து நின்ன மாதிரி ஏன் முழிக்கிறீங்க?" என்று வந்தவர்களையெல்லாம் சிரிக்க வைப்பார். தன் உதட்டை மட்டும் பிரிக்கமாட்டார். சிறுவயதில் குடித்த கிணற்றுத் தண்ணீர் முன்பற்களில் பழுப்புப் பட்டைகளைப் போட்டிருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறை. வாய்விட்டுச் சிரித்தது மனைவியின் எதிரில் மட்டும்தான். அதுவும் சமையலறையில், விளக்குப் போடுமுன்.

"ஊர்ச் சிரிப்பெல்லாம் சுவத்துல தொங்குது. என் வீட்டுக்காரர் சிரிப்புக்கு மட்டும் ஒரு படம் கிடையாது" என்பாள் அவள்.

சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரிக் கட்டிலில் விழுந்த பிறகு அவள் அந்தக் குறையையே பிடித்துக்கொண்டாள். மகளை ஏவி அவரைப் பல் டாக்டரிடம் அனுப்பினாள்.

"வெனீர்னா பல்லைப் பிடுங்குறது இல்ல சார்" என்றார் டாக்டரம்மா. "நகம் மாதிரி மெல்லிசா பீங்கான்ல ஒரு ஓடு செஞ்சு பல்லு மேல ஒட்டுறது. ஆனா அதுக்கு இடம் வேணும். பல்லோட மேல்பூச்சைக் கொஞ்சம் சீவணும். சீவுனது திரும்ப வளராது. அப்புறம் காலம் முழுக்க ஓட்டோடதான் இருக்கணும். உடைஞ்சாலும் தேஞ்சாலும் புதுசு போடணும்."

அவர் தயங்கினார். டாக்டரம்மா பல்லைச் சீவாமலே அதன் மேல் வெள்ளைப் பிசின் வார்த்து ஓர் ஒத்திகை வடிவம் செய்துகொடுத்தார். "ஒரு வாரம் போட்டுப் பாருங்க. பிடிக்கலன்னா எடுத்துடலாம். நீங்களா நெம்பிடாதீங்க."

கிளினிக்கிலிருந்து மகளோடு நேராக மனைவியின் வார்டுக்குப் போனார். கட்டிலருகே குனிந்து, அத்தனை பல்லும் தெரியச் சிரித்தார்.

"யாருங்க நீங்க? பொண்ணு பார்க்க வந்தீங்களா?" என்றாள். பக்கத்துக் கட்டிலைப் பார்த்து, "அக்கா, எனக்குப் புது மாப்பிள்ளை வந்திருக்காரு" என்று இருமல் வரும்வரை சிரித்தாள். பிறகு சிரிப்பு வடிந்தது. வைத்த இடத்தில் எதையோ காணாதவள் போல அவர் முகத்தில் தேடினாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கொஞ்சம் கழட்டுங்களேன். உங்களைப் பார்க்கணும் போல இருக்கு."

"டாக்டரம்மாதான் எடுக்கணுமாம். நாளைக்கு எடுத்துட்டு வந்துடறேன்."

"சரி. மறந்துடாதீங்க."

விடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

வீடு நிறைய உறவு. அவர் வாய்விட்டு அழவில்லை. "கல்லு மாதிரி நிக்கிறாரு பாரு" என்று மைத்துனர் முணுமுணுத்தது அவர் காதிலும் விழுந்தது. வாயைத் திறந்தால் அந்த வெள்ளைப் பற்கள் தெரிந்துவிடும் என்பது மகள் ஒருத்திக்குத்தான் புரிந்தது. கடைசியாக மனைவி பார்த்தது தன் முகத்தைத்தானா என்று அவர் யாரிடம் போய்க் கேட்பார்?

உறவு கலைந்ததும் மகள் அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். பிசினை எடுத்துவிடத்தான் என்று நினைத்தாள். டாக்டரம்மாவும் அப்படித்தான் நினைத்தார்.

"எடுத்துடலாமா சார்? உள்ள உங்க பல்லு அப்படியே இருக்கு. ஒரு கீறல்கூட விழல."

"சீவிடுங்க" என்றார். "இதே அளவு, இதே நிறம். எதையும் மாத்தாதீங்க."

"அப்பா! அம்மா கழட்டத்தானே சொன்னாங்க?"

அவர் மகளின் கையை ஒருமுறை அழுத்திவிட்டு, நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். ஏன் என்று அன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை.