நஸரேனோவுக்கு யாரும் சொல்லாத சாவு

இத்தாலியில் மலை மேல் இருக்கிற எங்கள் ரோக்காவெர்னாவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் வளைவு வாசலைத் தாண்டியதும் என் காபிக் கடைக்கு எதிரே இருக்கிற சுவரைத்தான் முதலில் பார்ப்பார்கள். இந்த வசந்தத்திலிருந்து அதில் ஒட்டிய போஸ்டரில் ஒரு ஆலிவ் மரமும், பல் தெரியச் சிரிக்கிற பெண்ணும். ‘இன்னும் ஒருநாள் தங்கிப் போங்கள்’ என்று எழுதியிருக்கிறது. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் அதுவரை அது எங்கள் சாவுச் சுவர். ஊரில் யார் செத்தாலும் பெயர், வயது, அடக்கம் எத்தனை மணிக்கு, துக்கத்தோடு அறிவிப்பது யார் யார் என்று கறுப்புக் கரை போட்ட தாள் அங்கேதான் வரும். ரொட்டி வாங்கப் போகிறவர்கள் நின்று படித்துவிட்டுத்தான் போவார்கள். பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரனுக்கும் அதுதான் சொல்லும். வீடு தேடிப் போய் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஒட்டியவன் நஸரேனோ பல்லரானி. முப்பத்தொரு வருஷமாக நகராட்சியில் அதுதான் வேலை. நானும் அவனும் ஒரே வகுப்பு. சீட்டாட்டத்தில் ஏமாற்றுவான், குனிந்தால் நிமிர்ந்தால் புனிதர்களைத் திட்டுவான். ஆனால் அவன் ஒட்டிய தாளில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. பெரிய மனிதர் ஒருவரின் மகன், அப்பாவின் தாளைக் கொஞ்சம் மேலே ஒட்டச் சொன்னபோது, “உங்கப்பா பறந்தா போயிட்டாரு?” என்று கேட்டுவிட்டு ஆடு மேய்த்தவன் தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்டினான்.

மன்னிப்புக் கேட்டால் பல் விழுந்துவிடும் என்கிற ரகம். அப்பாவின் ஆலிவ் தோப்புத் தகராறில் அக்கா எர்சிலியாவோடு பத்தொன்பது வருஷம் பேசவில்லை. குழந்தை இல்லாதவள். புருஷன் போனபின் கீழே பள்ளத்தாக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தாள்.

கவுன்சிலர் ஸவேரியாதான் சுவரை இப்படி மாற்றினாள். லீவுக்கு வருகிறவர்கள் எடுக்கிற படத்தில் சாவு விழுகிறதாம். தாள்களைக் கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளின் பக்கத்துக்கு மாற்றினாள். அங்கே ஒட்ட யாரோ கான்ட்ராக்ட் ஆட்கள் வேனில் வருகிறார்கள். நஸரேனோவுக்குச் சிரிக்கிற பெண்ணை ஒட்டுகிற வேலை. இரண்டு நாள் நகராட்சி வாசலில் நின்று கத்தினான். அப்புறம், வேறு வழியில்லாமல், ஒட்டினான். ஆனால் அந்தக் குப்பைத் தொட்டிப் பக்கம் மட்டும் கால் வைக்கவில்லை.

போன புதன்கிழமை நான் காரை நிறுத்தும்போது படித்தேன். எர்சிலியா, எழுபத்துநாலு வயது, வியாழன் மூன்று மணி. அறிவிப்பது முதியோர் இல்லத்தார்.

நஸரேனோவிடம் நான் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. ஊர்ச் சாவெல்லாம் எங்களுக்குச் சொன்னவனுக்கு, சொந்த அக்கா சாவை யார் போய்ச் சொல்வது? தெரிந்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

வியாழன் மூன்று மணிக்குச் சவ வண்டி வந்தபோது அவன் அந்தச் சுவரில் ஏணி மேல் நின்றிருந்தான். பின்னால் பாதிரியாரும் இரண்டு நர்சுகளும். அதற்கும் பின்னால் போனைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு டூரிஸ்ட் கூட்டம். நஸரேனோ இறங்கி, தொப்பியைக் கழற்றி நின்றான். வண்டி போனதும் மறுபடி ஏறிவிட்டான். கல் நெஞ்சுக்காரன் என்று நினைத்தேன். கடையில் கூட்டம் என்று நானும் போகவில்லை.

மறுநாள் காலை அவன் காபி கேட்டபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

“சர்ச் வரைக்குமாவது போயிருக்கலாமேடா.”

“எதுக்கு? எவன் செத்தான்?”

“நஸரேனோ, விளையாடாதே.”

“சொல்லித் தொலையேன் ஒர்நெல்லா, யாரு?”

“உங்க அக்காடா.”

கப்பை வைத்துவிட்டுக் கீழே போனான். குப்பைத் தொட்டிப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, பசை வாளியோடு வந்தான். ஒரு போஸ்டரைத் திருப்பிப் போட்டு, என் கடை மேஜையிலேயே கறுப்பு மையால் எழுதினான். ‘எர்சிலியா பல்லரானி. தம்பி நஸரேனோ அறிவிக்கிறான்.’ சிரிக்கிற பெண்ணின் முகத்து மேலேயே ஒட்டினான், சுருக்கமில்லாமல்.

ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். டூரிஸ்டுகள் இதையும் படம் பிடித்தார்கள். ஸவேரியா ஓடி வந்தாள்.

“என்ன அசிங்கம் இது? கிழிங்க!”

“நீங்க கிழிங்க, கவுன்சிலரம்மா. ஏணி வேணுமா? பிடிச்சுக்கறேன்.”

எங்கள் ஊரில் செத்தவர் தாளை மழைதான் கிழிக்கும், மனிதர் கை கிழிக்காது. அவளும் இங்கே பிறந்தவள்தானே. தாளை நோக்கித் தூக்கிய கை அப்படியே நின்றது. பெயரைப் படித்தாள். முகம் மாறிவிட்டது.

“எனக்குத் தெரியாது, நஸரேனோ. வருத்தமா இருக்கு” என்று கையை நீட்டினாள்.

அவன் அதைப் பார்த்தான்.

“இந்தக் கையை நேத்து மூணு மணிக்கு நீட்டியிருக்கணும்” என்றான். “நேத்து ஊரே இங்கதானே இருந்தது.”

வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். துக்கம் விசாரிக்கக் கடை வாசல் வரை போன நான், நீட்டவிருந்த என் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.