மக்டலீனுக்கு ஒரு குட்டைக் குழல்

மக்டலீனுக்கு இரத்தம் புதிதல்ல. ரொறன்ரோவில் கோழி வெட்டும் பக்டரி ஒன்றில் நெடுங்காலமாக வேலை. கொக்கியில் தொங்கி வரும் கோழிக்குக் கத்தி வைக்கிற வரிசையில் ஆம்பிளைகளே தாக்குப்பிடிப்பதில்லை. இவள் அதை முடித்துவிட்டு, பஸ் ஏறி, சென் ஜேம்ஸ் ரவுண் வீட்டுக்கு வந்து அதே கையால் மீனும் வெட்டுவாள். ஒருமுறை சுப்பர்வைசர் ஒருவன் பின்னால் தட்டினான். சூடு ஆறாத குடலை அள்ளி அவன் முகத்தில் அறைந்தாள். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் வந்ததேயில்லை.

புருசன் இக்னேசியஸ் மான் வேட்டைக்கு ஆசைப்பட்டு லைசன்ஸ் எடுக்கப் போனபோது, துணைக்கு அவளையும் இழுத்துக்கொண்டு போனான். பார்த்தால் குறி தப்பாதவள் அவள்தான். மனிசன் முதலில் பொறாமைப்பட்டான், பிறகு பெருமைப்பட்டான், கடைசியில் துவக்கை அவளிடமே கொடுத்துவிட்டுப் பைனாக்குலரோடு திருப்திப்பட்டான். கார்த்திகை பிறந்தால் இருவரும் செம்மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வடக்கே காட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் கட்டடத்தில் மான் இறைச்சி பங்கு போகாத தமிழ் வீடு இல்லை.

இவ்வளவு துணிச்சல்காரிக்கு ஹெலி, அதுதான் ஹெலிகொப்டர், என்றால் மட்டும் உயிர் போய்விடும். மன்னார்ப் பக்கம், சண்டைக் காலத்தில், சின்ன வயதில், அண்ணன் மாக்கஸின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போனாள். ஆமி ஹெலி ஒன்று தாழப் பதிந்து வந்தது. அவள் அவன் கையை உதறிவிட்டுத் தெருவில் குப்புற விழுந்தாள். மாக்கஸ் விழவில்லை. அண்ணாந்து பார்த்தபடி நின்றான். சன்னங்கள் அவன் நெஞ்சைக் கிழித்தன. அவள் முதுகின்மேல் அவன் சரிந்தான். சட்டை நனைய நனைய, அது என்ன சூடென்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. எழுந்தபோது, செருப்போடு அவன் கால் ஒன்று வேறாகக் கிடந்தது.

அன்றிலிருந்து அந்தச் சத்தம் கேட்டால் அவள் யோசிப்பதில்லை, விழுந்துவிடுவாள். ஆஸ்பத்திரிக்கு ஹெலி போனால் பஸ் தரிப்பில் விழுவாள். ஒரு கலியாண வீட்டுக் கார்ப்பார்க்கில் பட்டுச் சீலையோடு விழுந்திருக்கிறாள். இக்னேசியஸ் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நின்று சிரித்துவிட்டுத்தான் தூக்கிவிடுவான். கொழும்பில் வளர்ந்த பிள்ளை, சுடுகிற ஹெலியைப் படத்தில்தான் கண்டவன்.

போன கார்த்திகையில் காட்டுக்குள் மின்கம்பி பார்க்கிற ஹெலி ஒன்று மரங்களுக்கு மேலால் வந்தது. அவள் துவக்கோடு சேற்றில் விழுந்தாள். இக்னேசியஸ் சிரித்தான். அவள் வெட்கத்தோடு எழுந்து, துவக்கின் வெளிப்புறத்தைச் சட்டைக் கையால் துடைத்தாள். குழலின் வாய்க்குள் சேறு அடைத்திருந்ததைப் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கொம்பன் மான் ஒன்று வெளியே வந்து நின்றது.

"அடியும், அடியும்," என்றான் இக்னேசியஸ்.

அடித்தாள். குழலின் முனை வாழைப்பூ மடல்போல விரிந்து சிதறியது. உருக்குத் துண்டொன்று பக்கத்தில் நின்றவனின் இடது காதை அறுத்துக்கொண்டு கன்னத்தைப் பிளந்தது. கடைவாய்ப் பல்லு வெளியே தெரிந்தது. தன் இரத்தத்திலேயே மூச்சுத் திணறியவனை அவள் குப்புறப் புரட்டி, கன்னத்துக்குள் விரலை விட்டுக் கிழிந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்தாள். கழுத்துத் துணியால் இறுக்கிக் கட்டி, வேர்களுக்கு மேலால் இழுத்துக்கொண்டு போய்த் தங்கள் வான் வண்டியில் போட்டாள். ஆஸ்பத்திரி வாசல்வரை அவள் அழவில்லை. வாசலில் வைத்துத் தலையைச் சுவரில் மோதி மோதி அழுதாள்.

அவன் பிழைத்தான். அவள்தான் பிழைக்கவில்லை என்று சொல்ல வேண்டும். படுக்கையை ஹோலுக்கு மாற்றினாள். தெருவில் அவன் பின்னால் தள்ளி நடந்தாள். அவன் நின்றால் அவளும் நிற்பாள். கோயிலிலும் வேறு வாங்கில் போய் இருந்தாள். அவன் கோபப்பட்டுக் கேட்டபோது சொன்னாள்:

"நான் விழுந்தா, பக்கத்திலை நிக்கிறவர்தான் அடிபடுறார். அண்டைக்கு அண்ணை. இப்ப நீங்கள். உங்களைச் சாகக்குடுக்க ஏலாது. நான் ஒட்டாவாவிலை தங்கச்சியோடை போய் இருக்கப்போறன்."

அவன் வாதாடவில்லை. "போம். அதுக்கு முதல் ஒருக்கா ரெக்ஸ்டேலுக்கு வாரும்," என்றான்.

ரெக்ஸ்டேலில் துவக்குத் திருத்துகிற ஒரு கிழவரின் கடை. வெடித்த குழலைப் பார்த்து அவர் தலையாட்டினார். மாற்றுவதற்கு இரண்டு வகை இருக்கிறது என்றார். நீளமானது, பழையதைப் போல, குண்டு வேகமாகப் போகும். மற்றது குட்டை. வேகம் சற்றுக் குறையும், சத்தம் கூடும், ஆனால் பற்றைக்குள் வசதி. கையில் பிடித்துப் பார்க்கட்டும் என்று இரண்டு அளவிலும் வெறுந்துவக்குகளை எடுத்துக் காலி என்று காட்டிவிட்டு வைத்தார்.

இக்னேசியஸ் நீளமானதை மனைவியின் கையில் கொடுத்தான். பிறகு, இந்த மடையன் செய்ததை எழுத எனக்கே கை கூசுகிறது, போனை எடுத்து ஹெலிச் சத்தத்தை உச்சத்தில் போட்டான்.

மக்டலீன் விழுந்தாள். குழலின் முனை கொங்கிறீற் நிலத்தில் 'ணங்' என்று குத்தியது. எழுந்தவள் துவக்கை மேசையில் எறிந்துவிட்டு, அவனுடைய தையல் போட்ட அதே கன்னத்தில் கைமுட்டியால் குத்தினாள். பழைய காயம் வெடித்து நாடியால் இரத்தம் வடிந்தது. திரும்பவும் குத்தினாள்.

"விசரே உங்களுக்கு? எங்கையிருந்து வந்தது இந்தக் குரூரம்?"

அவன் இரத்தத்தைத் துடைக்கவில்லை. குட்டைத் துவக்கை நீட்டினான். "இன்னும் ஒருக்கா, மக்டலீன். ஒட்டாவாவுக்குப் போறதெண்டா பிறகு போம்."

அவள் அதைப் பிடுங்கியது அவன் மண்டையில் போடத்தான். அதற்குள் போன் மறுபடி இரைந்தது. அவள் விழுந்தாள். குழல் அவள் கைகளுக்குள்ளேயே அடங்கி நின்றது, முனை நிலத்தைத் தொடவில்லை.

உடனே பக்கத்தில் தொப்பென்று இன்னொரு சத்தம். சூடாக ஏதும் முதுகில் விழப்போகிறது என்று பார்த்திருந்தாள். ஒன்றும் விழவில்லை. பயந்து பயந்து தலையைத் திருப்பினாள்.

இக்னேசியஸ் அவளுக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தான். எண்ணெய்க் கறை பிடித்த நிலத்தில் கன்னத்தை வைத்து, இரத்தமும் எச்சிலுமாக, கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இத்தனை வருசம் நிண்டு சிரிச்சன். பிழை என்ரை," என்றான். "இனி விழேக்கை ரெண்டு பேரும் விழுவம்."

கவுண்டருக்குப் பின்னால் கிழவரைக் காணவில்லை. என்னவோ ஏதோ என்று அவரும் குந்திவிட்டார். ஹெலி இன்னும் இரைந்துகொண்டிருந்தது. மக்டலீன் கடையைச் சுற்றிப் பார்த்தாள். நின்றுகொண்டிருந்தவர் எவருமில்லை.

அவள் கையை நீட்டி அவன் சட்டைக் கொலரைப் பிடித்தாள், விடவில்லை.

"குட்டையை எடுப்பம்," என்றாள்.